பன்னிரண்டாவது குறை

"தண்ணியும் கரண்டும் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று கேட்டார் ஆடிட்டர்.

எதிரே உட்கார்ந்திருந்த பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். ஆடிட்டர் சிரிக்கவில்லை. கூட்டுச் சேர வருகிறவர்கள் ஒரே வண்டியில் வருவதையும், பிரிய வருகிறவர்கள் ஆளுக்கொரு வக்கீலோடு வருவதையும் இருபது வருஷமாகப் பார்த்து அலுத்த பெண்மணி அவர்.

பிளம்பரின் கையில் ஒரு சாவி இருந்தது. பார்த்து வைத்த கடையின் சாவி. இன்று மதியத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். 'ஆடிட்டர் சரின்னு சொன்னா சேருங்க, இல்லேன்னா மூச்சு விடக் கூடாது' என்று இரண்டு வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கூட்டுன்னா விளையாட்டில்லை," என்றார் ஆடிட்டர் பிளம்பரிடம். "இவர் போடற கையெழுத்து உங்களையும் சேர்த்துக் கட்டும். இவர் ஒரு வீட்டுல ஒயரை மாத்திக் குடுத்துட்டார்னா, நஷ்டஈடு கேட்டு உங்க வீட்டுக் கதவையும் தட்டுவாங்க. பேசாம ஒருத்தர் பேர்ல கடையை வெச்சு, இன்னொருத்தர் சம்பளத்துக்கு இருங்களேன்."

"யாருக்கு மேடம் யார் சம்பளம் குடுக்கறது? ஒரே டிபன் பாக்ஸுல சாப்பிட்டு வளந்தவங்க நாங்க," என்றார் பிளம்பர்.

"சரி, ஒப்பந்தத்தையாவது ஒழுங்கா படிங்க."

பிளம்பர் தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். "என் கண்ணாடி போன வாரம் ஒரு வீட்டுத் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு. நீ படிடா."

எலக்ட்ரீஷியன் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார்.

"நேத்து சொன்ன வேலை என்னாச்சு?"

நேற்று ஆடிட்டர் சொன்ன வேலை இதுதான்: கூட்டாளியிடம் என்னென்ன குறை என்று ஆளுக்கொரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவர வேண்டும். இருவரும் சமர்த்தாக உறையை நீட்டினார்கள்.

எலக்ட்ரீஷியன் கொடுத்ததில் பிளம்பரைப் பற்றி மூன்றே குறைகள். பாவம் பார்த்துக் காசு வாங்காமல் வந்துவிடுவான். பத்து நிமிஷம் என்றால் இரண்டு மணி நேரம். வேலை செய்த வீட்டைக் குளமாக்கிவிட்டு வருவான். கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் விஷயம் மோசமில்லை, சமாளிக்கலாம்.

பிளம்பரின் உறையைப் பிரித்ததும் ஆடிட்டரின் புருவம் ஏறியது. இதிலும் கோழிக் கிறுக்கல்தான், ஆனால் முழுப் பக்கத்துக்கு, எண் போட்டு. இரவல் வாங்கின ஸ்பேனர் திரும்பி வந்ததே இல்லை. ஏணி மேல் நின்றுகொண்டு போனில் அரட்டை. வீட்டுக்காரர் முன்னாலேயே கத்துவான். கஞ்சன், அரையடி ஒயரைக்கூடத் தூக்கிப் போட மாட்டான்.

எலக்ட்ரீஷியன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிட்டர் தாளைக் கீழே வைத்தார். "மன்னிச்சுக்குங்க, கூட்டு வேண்டாம். மத்ததையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். கடைசியா பன்னெண்டாவது ஒண்ணு எழுதியிருக்கீங்களே, 'தப்பு தன் மேல இருந்தா செத்தாலும் ஒத்துக்க மாட்டான்'னு. அப்படிப்பட்ட ஆளோட கூட்டுச் சேர்ந்தா ஒரு மாசம் தாங்காது. சாவியைத் திருப்பிக் குடுத்துடுங்க."

பிளம்பரின் முகம் தொங்கிப்போனது. சாவியை மேசை மேல் வைத்தார். இத்தனை வருஷ ஆசை ஒரு தாளில் முடிந்துபோனது அவருக்குத் தாங்கவில்லை. திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டவராக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"எத்தனாவதுன்னு சொன்னீங்க மேடம்?"

"பன்னெண்டாவது. நீங்க எழுதினதுதானே?"

"நான் எங்க எழுதினேன்? என் கண்ணாடிதான் தொட்டிக்குள்ள கெடக்கே! நான் சொல்லச் சொல்ல எழுதினதெல்லாம் இவன்தான்."

ஆடிட்டர் மெல்லத் திரும்பினார். எலக்ட்ரீஷியன் இன்னும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

பிளம்பர் சாவியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் சொன்னது பதினொண்ணுதான் மேடம்."