இன்ஸ்பெக்டரின் கன்னம்

"வாயை நல்லாத் திறங்க சார்... இன்னும் கொஞ்சம்... நான் சொல்றேன், அந்த இன்ஸ்பெக்டர் கன்னத்துல கை வச்சுக்கிறது சும்மா இல்ல!"

முதல் பாதி, நாற்காலியில் மல்லாந்து கிடந்தவருக்கு. மறுபாதி, பக்கத்தில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த மச்சினிக்கு. நோயாளியின் வாயையும் மச்சினியின் வாயையும் ஒரே மூச்சில் சமாளிப்பது பல் டாக்டருக்குக் கைவந்த கலை.

நாற்காலிக்காரர் மப்ளரை மூக்கு வரை சுற்றிக்கொண்டு வந்தவர். பல நாளாகச் சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. "புடுங்கிப் போட்டுடுங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று உள்ளே நுழையும்போதே கும்பிட்டார். முகம் வேறு கண்டபடி வீங்கியிருந்தது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் யாருடைய முகத்தையும் கவனிப்பதில்லை. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால்கூட, அவர்கள் சிரித்த பிறகுதான் இவருக்கு ஆள் பிடிபடும்.

பல்லைத் தவிர இந்த மனுஷனுக்கு வேறு நினைப்பே கிடையாது என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வதுண்டு. டிவியில் அந்த இன்ஸ்பெக்டர் வரும் துப்பறியும் தொடர் ஆரம்பித்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது.

ஊசி போட்டாயிற்று. வாய்க்குள் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் போய்விட்டன. இனி மரத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்!

"அது குற்ற உணர்ச்சி மாமா. கொலையைப் பண்ணினதே அந்த இன்ஸ்பெக்டர்தான்" என்றாள் மச்சினி.

"கிளினிக்ல டாக்டர்னு கூப்பிடுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"சரி, டாக்டர் மாமா. கொலையைப் பண்ணினது..."

"தத்துப்பித்துன்னு உளறாதே. அது அவனோட மனசாட்சி விட்ட அறை! ஊருக்கெல்லாம் சட்டம் பேசற ஆளு, தன் மனசாட்சிகிட்ட அறை வாங்கறான். வாங்கின இடத்தைத் தடவிக்கிறான். டைரக்டர் அதைக் குறியீடா வச்சிருக்கார். உனக்கு எங்க புரியப்போகுது!"

"ஆ... ஆங்..." என்றார் நாற்காலிக்காரர்.

"வலிக்குதா சார்?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அப்போ பேசாதீங்க. நாக்கு குறுக்க வருது."

மச்சினி விடவில்லை. "ஆரம்பத்துல அந்த ஆள் நடிச்சதெல்லாம் ஒரு நடிப்பா? மரக்கட்டைக்கு யாரு யூனிஃபார்ம் மாட்டிவிட்டதுன்னு கேட்டு, எங்கம்மா டிவியையே அணைச்சிட்டாங்க."

"உங்கம்மா வாயில இருந்து வந்ததுல அது ஒண்ணுதான் உருப்படி. முதல் எபிசோட்ல செத்துக் கிடந்த பொணம்கூட அவனை விட நல்லா நடிச்சுது."

நாற்காலிக்காரர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"அடடா, இன்னும் மரத்துப்போகல போலிருக்கு" என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

"ஆனா ஒண்ணு" என்று ஊசியை வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "ஏழாவது எபிசோட்ல இருந்து ஆளே வேற! மூச்சுக்கு மூச்சு வசனம் பேசினவன் இப்போ வாயைத் திறக்கறதே இல்ல. எல்லாம் கண்ணாலதான். அதுக்குப் பேருதான் பாத்திர வளர்ச்சி."

"டீயை எப்பவும் ஒரு பக்கமாவே ஒதுக்கிக் குடிக்கிறாரே, அது எதுக்காம்?"

"ஒரு பக்கம் சட்டம், ஒரு பக்கம் பாசம். எந்தப் பக்கம் சாய்றான்னு நமக்குக் காட்டறாங்க."

"அப்புறம் அவரோட பொண்ணு ஐஸ்கிரீம் ஊட்டிவிட்டதும் பொலபொலன்னு கண்ணீர் விட்டாரே?"

"தொலைஞ்சுபோன குழந்தைப் பருவம்!" டாக்டரின் குரல் தழுதழுத்தது. "கையில ஐஸ்கிரீம் உருகுது, இங்க நெஞ்சு உருகுது. நான் அழுதுட்டேன்."

"அக்காவும் அழுதா. நீங்க அழுத அழகைப் பார்த்துத்தான் அழுதாளாம்."

"ஆ?" என்றது நாற்காலி. இந்த முறை குரல் மேலே ஏறியிருந்தது.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "எல்லாப் பத்திரிகையிலயும் எழுதிட்டாங்க. இந்த வருஷம் சிறந்த நடிகர் விருது அவனுக்குத்தான்."

"கடைசி எபிசோட்ல சொதப்பாம இருக்கணுமே மாமா! திடீர்னு பழையபடி மரக்கட்டையாகிட்டா?"

"ஆயிட்டா அவ்வளவுதான். விருதும் போச்சு, எடுத்த பேரும் போச்சு. அப்புறம் ஜென்மத்துக்கும் ஒருத்தன் கூப்பிடமாட்டான்" என்றபடி டாக்டர் குறடைக் கையில் எடுத்தார். ஈறில் மெல்லக் குத்திப் பார்த்தார். "ஏதாவது தெரியுதா சார்?"

தெரியவில்லை என்று தலையாட்டியவரின் முகம் வெளிறிப்போனது.

"பிரமாதம்! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள புடுங்கிடறேன்."

குறடு வாயை நெருங்கியது. நாற்காலிக்காரர் டாக்டரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். குழாயை உருவினார், பஞ்சைத் துப்பினார், துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

"வேணாம் டாக்டர்! பல்லு இருக்கட்டும்!"

"என்ன சார் விளையாடறீங்க? வரும்போது அப்படிக் கெஞ்சினீங்க! இதை விட்டுவச்சா தினமும் உயிர் போற மாதிரி வலிக்குமே!"

"அந்த வலிதான் டாக்டர் எனக்கு வேணும்" என்று குழறிக்கொண்டே மப்ளரைத் தேடி எடுத்தார் அவர். "நாளைக்குக் காலையில நான் அந்த இன்ஸ்பெக்டர் யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு கடைசி எபிசோட்ல நடிச்சாகணும், அதுக்குள்ள இந்த ஊசியோட வேகம் இறங்கி, வலி திரும்பி வந்துடும் இல்ல?"