நகம் பட்ட இடம்

நாளை கடலுக்குப் போகும் பழைய போர்க்கப்பலின் அடித்தட்டில் நிற்கிறோம். இன்று மட்டும் மாலுமிகளின் குடும்பத்தினரை உள்ளே விடுகிறார்கள். மங்கலான விளக்கில் சாம்பல் நிறச் சுவர் வியர்த்திருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோதிக்கொண்டே இருக்கிறது. கொப்புளம்போல உப்பியிருக்கும் பெயிண்டை மகள் நகத்தால் உரிக்கிறாள். கணவர் பாய்ந்து அவள் கையைப் பிடிக்கிறார். “நோண்டாதடி!” அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர். பம்ப் பார்க்கும் அவருடைய கூட்டாளி சிரிக்கிறார். “இங்க துருவைத் தட்டக் கூடாது பாப்பா. மேல மேல பூசிக்கிட்டே போகணும். இந்தக் கிழவியைத் தாங்குறதே துருவும் பெயிண்டும்தான்.” “சும்மா இருங்கண்ணே, பயந்துடப் போறா” என்கிறார் கணவர், என்னைப் பார்க்காமல். “புதுக் கப்பல் எப்பங்க வரும்?” என்று கேட்கிறேன். “அடுத்த வருஷம்.” கல்யாணத்தின்போதும் இதையேதான் சொன்னார், மகளுக்கு இப்போது பால்பல் விழுந்து முளைக்கிறது. உரிந்த இடம் காசளவு பழுப்பாக, ஈரமாக இருக்கிறது. முன்பே ஈரமா, இப்போதுதானா? மணி அடிக்கிறது. மகளைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறும் கணவர், “வாம்மா, நேரமாச்சு” என்று கூப்பிடுகிறார். நான் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே நிற்கிறேன்.