மச்சினன் வாங்கிய வாள்

வாளை மச்சினனின் நெஞ்சுக்கு நேராக நீட்டியபடி நின்றார் வாள்காரர். “அசையாதே!” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மச்சினன் அசையவில்லை. கையிலிருந்த டார்ச்சை மட்டும் வாளின் மேல் படும்படி தாழ்த்தினான். “இப்பத் தெரியுதா அத்தான்? அசல்தானே?”

தெரிந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஜப்பான் ராணுவ அதிகாரி ஒருவரின் வாள். உறையின் மேல் தைத்த தோல், பிடியில் நிஜப் பட்டுக் கயிறு. வாள் சேகரித்தே இவருக்குத் தலை நரைத்துவிட்டது, சேகரிப்பாளர் சங்கத்தில் பட்டப் பெயரே வாள்காரர்தான். நேற்று முளைத்த இந்தப் பயல், பழைய சாமான் கடையில் ஓட்டைக் குடைகளுக்கு நடுவே கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான்!

“உங்களோடது மாதிரியே இருக்குல்ல?” என்று வேறு கேட்டான்.

மாதிரியாவது, மண்ணாவது! கூடத்துச் சுவரில் தொங்கும் அவருடைய வாளும் அசல்தான். ஆனால் அது கீழ்மட்ட அதிகாரிகளுக்காக ஆலையில் மொத்தமாகச் செய்து எண் குத்தியது. அதன் பிடியில் கயிறு போலத் தெரிவது வெறும் பெயிண்ட்.

“பிடியைக் கழட்டினாத்தான் சொல்ல முடியும்,” என்று பிடியை இறுக்கியிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். “மாப்ளே, முன்னாடியே சொல்லிடறேன். உள்ள இருக்கிற துருவைத் தேய்ச்சுக் கீய்ச்சு வெச்சுடாதே. பழைய துரு கன்னங்கரேல்னு இரும்போட இரும்பா இறுகிப் போயிருக்கும். அதை வெச்சுத்தான் வாளோட வயசைச் சொல்லுவாங்க.”

“நான் தொடவே இல்ல அத்தான்.”

பிடி கழன்றது. உள்ளே மறைந்திருந்த அடிப்பகுதி முழுக்கத் துரு. நடுவே உளியால் வெட்டிய ஜப்பானிய எழுத்துகள். கொல்லன் கையெழுத்து! பரம்பரை வாளுக்கே ராணுவப் பிடி மாட்டிப் போருக்கு எடுத்துப் போன அதிகாரிகள் உண்டு என்று படித்திருக்கிறார். அப்படியென்றால் இது பல தலைமுறை கண்டது. எழுத்துகளைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இவனுக்கா? போயும் போயும் இவனுக்கா இந்த யோகம்?

“டூப்ளிகேட்டு,” என்றார். “நல்லா ஏமாந்திருக்கே.”

மச்சினனின் முகம் தொங்கிப்போயிற்று. சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவிக்குத் தம்பியைப் பார்க்கத் தாங்கவில்லை. “பாவம்ங்க, ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தான்.”

இதற்குத்தான் அவர் காத்திருந்தார். சுவரிலிருந்த தன் வாளை இறக்கி மச்சினன் மடியில் வைத்தார். “இந்தா, இதை நீ வெச்சுக்கோ. அந்தத் தகரத்தை இங்கேயே போட்டுட்டுப் போ. முதல் வாளே இப்படி ஆயிடுச்சுன்னா மனசு விட்டுப் போயிடும்.”

“ஐயோ, வேணாம் அத்தான்! அது உங்க உயிராச்சே!”

“எடுத்துக்கோடா. பொண்டாட்டி தம்பிக்கு இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன அத்தான்?”

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களைப் போய்க் கஞ்சன்னு நெனச்சேனே!” என்றவள், “அது என்னங்க, சட்டையெல்லாம் செக்கச்செவேல்னு?” என்றாள். அவர் காதில் அது விழவே இல்லை.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வாளைத் துணியில் சுற்றி, கல்யாண மாப்பிள்ளை மிடுக்கோடு எடுத்துப் போனார். எல்லாரும் வயிறெரிந்து சாகட்டும்! தலைவர் பிடியைக் கழற்றினார், கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார், விரலைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு.

“புதுத் துரு, வாள்காரரே. எவனோ ஆசிட் தடவி வரவழைச்சிருக்கான். எழுத்தும் இப்ப வெட்டினதுதான். பழைய துரு கையில ஒட்டாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் நேரே மச்சினன் வீட்டுக்கு ஓடினார். அங்கே சுவரில், தனி விளக்கு வெளிச்சத்தில் அவருடைய வாள் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சினன் அதை நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

எப்படியாவது அதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். ஆனால் என்ன சொல்லிக் கேட்பது? “மாப்ளே... உன் வாளைச் சங்கத்துல காட்டினேன்,” என்று மென்று விழுங்கினார். “அது... போலியாம்டா.”

மச்சினன் பூரித்துப்போய் நண்பர்கள் பக்கம் திரும்பினான்.

“பாத்தீங்களா? எங்க அத்தான் அன்னிக்கே சொல்லிட்டாரு!”