வாலில் விளக்கு எரியும் அம்பு

"இந்த வயசுல உனக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய ஸ்கோப்?"

வில் கடை மேசையில் சாய்ந்தபடி கேட்டார் ஹார்லன். வெர்ன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விசையை அழுத்தி எய்யும் தன் குறுக்குவில்லை, மேலே மாட்டியிருந்த குறிபார்க்கும் தொலைநோக்கியோடு கடைக்காரி ஜோலீனிடம் நீட்டினார்.

"பழைய ஸ்கோப்பைக் கழட்டிட்டு, இருக்கிறதிலேயே நல்லது எதுவோ அதைப் போடும்மா. அப்படியே, வால்ல லைட் எரியுமே, அந்த அம்பும் குடு."

"லைட் வேறயா? கிறிஸ்துமஸ் மரத்துக்கா வாங்குற?"

ஜோலீன் சிரித்துவிட்டாள். கேலி செய்தாலும் ஹார்லனுக்கு உள்ளுக்குள் எரிந்தது.

போன அக்டோபரில் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மானைத் தவறவிட்டவர் அவர். குறி தவறியவனின் சட்டைப் பின்நுனியை வெட்டி வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது அவர்கள் கூட்டத்து வழக்கம். அவருடைய கட்டம் போட்ட துணி இன்னும் அங்கே தொங்குகிறது. வெட்டியதே இந்த வெர்ன்தான். இனி வேட்டையே வேண்டாமென்று ஹார்லன் தன் வில்லை விற்றுவிட்டார். இந்த நேரம் பார்த்து இவன் பவிசு காட்டுகிறான்! 'அடிக்க வேண்டாம், சும்மா கூட வந்து உட்காரு' என்று இவன் நச்சரித்ததுகூட வெறுப்பேற்றத்தான் போலிருக்கிறது.

"சும்மா நிக்காம இதைப் பாரு." ஜோலீன் புது ஸ்கோப்பை மாட்டிக் கொடுத்ததும் வெர்ன் வில்லை ஹார்லன் கையில் திணித்தார். "தெளிவா இருக்கா? அந்த வளையத்தைத் திருகிப் பாரு."

வேண்டாவெறுப்பாகத் திருகினார். தெருவுக்கு அந்தப் பக்கத்துப் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

"இருக்கு, இருக்கு. இதை வச்சுச் சின்னக் குழந்தைகூட மான் அடிக்கும்."

சனிக்கிழமை சாயங்காலம், சோளக்காட்டு ஓரத்தில் மறைவுக் கூடாரம். இரண்டு பேருக்கும் நடுவில் பிளாஸ்க்கில் காபி, பொட்டலத்தில் சீஸ் துண்டுகள்.

"ஞாபகம் இருக்காடா?" வெர்ன் கிசுகிசுத்தார். "உங்கப்பா வில்லைத் திருடிட்டு வந்து ஓக் மர உச்சியில அம்பைச் சொருகினோமே?"

"நீதான் ஏறிப் பிடுங்கினே. உன் கால்சட்டை கிழிஞ்சதுக்கு உங்கம்மா என்னைத் திட்டினாங்க."

"திட்டிட்டு உனக்குத்தானே கேக் குடுத்தாங்க, ஆப்பிள் கேக்!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹார்லன் நினைத்துக்கொண்டார்: ஈர இலை வாசம், தோள் உரச உட்கார்ந்திருக்கும் இவன், எல்லாமே இந்த வருஷத்தோடு சரி.

சருகு சரசரத்தது. சோளத்தட்டைகளை விலக்கிக்கொண்டு பெரிய கொம்போடு ஒரு கலைமான் நேர் எதிரே வந்து நின்றது.

வெர்ன் வில்லை ஹார்லன் மடியில் வைத்தார். "நீ அடி."

"உன் புது ஸ்கோப்புடா!"

"இந்த வருஷ வேட்டை லைசென்ஸ் எடுத்திருக்கேல்ல?"

"பழக்கதோஷம், எடுத்துட்டேன். ஆனா..."

"அப்ப வாயை மூடிட்டு அடி."

ஸ்கோப்பில் மானின் மூச்சுக்காற்றுகூடப் புகையாகத் தெரிந்தது. ஹார்லன் விசையை அழுத்தினார். சிவப்பு வெளிச்சம் கோடு கிழித்துப் பறந்து, மானைத் துளைத்து, அந்தப் பக்கம் மண்ணில் குத்தி நின்று எரிந்தது. மான் நாலு துள்ளு துள்ளி வேலியோரம் விழுந்தது.

"விழுந்துடுச்சுடா! அடுத்த வருஷமும் வர்றேன்டா! சாகுற வரைக்கும் வருவேன்!"

வெர்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். பிறகுதான் உறைத்தது.

"ஆமா, அவ்வளவு பெரிய கொம்பை எவனாவது விட்டுக்குடுப்பானா? எத்தனை கிளைன்னு பாத்தியா?"

"கொம்பு இருந்துச்சா?" என்றார் வெர்ன்.

ஹார்லன் திரும்பினார். மான் விழுந்த பக்கம் வெர்ன் பார்க்கவே இல்லை. மண்ணில் எரிந்த அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன குளிர்காலத்துலேருந்து கண்ணு நடுவுல ஒரே மங்கல்டா. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. சொல்லியிருந்தா நீ காட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டே." வெர்ன் அவர் தோளைத் தட்டினார். "ஸ்கோப் உன் கண்ணுக்கு வாங்கினது. லைட்டு அம்புதான் எனக்கு. நீ அடிக்கிறதை நான் பாக்கணும்ல?"