பெரிய லென்ஸ்

"இது எந்தக் கேமரா பாடி? செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் எடுக்கும்?"

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் மேஜை மேலிருந்த கேமராவைப் பார்த்து, உள்அறைப் பக்கம் திரும்பிப் புருஷன் கேட்ட முதல் கேள்வி இதுதான். மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வந்ததே ஒரே ஒரு படத்துக்காக. அவர்களுடைய ரெண்டு வயசு வாண்டு சிரிக்கிற மாதிரி ஒரு படம். நாள் முழுக்க கெக்கெக்கே என்று சிரிக்கிற பெண்தான். அப்பா கேமராவைத் தூக்கினால் போதும், உதடு பிதுங்கிவிடும்.

பிதுங்காமல் என்ன செய்யும்?

"இங்க பாரு! ஆடாதே! வெளிச்சத்துப் பக்கம் திரும்பு! சிரி! சிரின்னு சொல்றேன்ல!"

அவரைக் கேட்டால் குற்றம் கேமராவுடையது. "ஓடற குழந்தைக்கு இந்த ஃபோகஸ் பத்தாது" என்று பாடியை மாற்றினார். "வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி" என்று ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்கினார். அப்புறம் முப்பத்தைந்து. அப்புறம் எண்பத்தைந்து. மூணு லென்ஸிலும் வாண்டு மூணு விதமாக அழுதது. ஒவ்வொரு கண்ணீர்ச் சொட்டும் அத்தனை துல்லியம்!

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாள் மனைவி. அவளுக்கு உள்ளூர நிஜமாகவே கவலை. இந்தப் பால்பல் சிரிப்பு இன்னும் எத்தனை நாளைக்கு? ஒரு படம்கூட இல்லாமலே போய்விடுமோ?

படம் எடுக்கிற அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் பெயின்ட் உரிந்த ஒரு குட்டிக் கேமரா.

"இதுலயா எடுக்கப் போறீங்க?" அவர் முகம் சுருங்கியது.

"சேச்சே! இது சும்மா வெளிச்சம் பார்க்கறதுக்கு சார்" என்ற அக்கா, உள்ளே போய் ஸ்டாண்டோடு ஒரு பெரிய கேமராவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதன் லென்ஸே வாண்டு உயரத்தில் பாதி இருக்கும்.

அவர் கண் விரிந்தது.

"இதைக் கண்டவங்க கையில கொடுக்க முடியாது சார். அசிஸ்டென்ட் வேற இன்னைக்கு லீவு. உங்களுக்குத் தெரியும்போல இருக்கே, ஃபோகஸ் வளையத்தை நீங்க பார்த்துக்கறீங்களா?"

வந்தவரையே வேலை வாங்கறாளே, கெட்டிக்காரிதான் என்று முனகிக்கொண்டாள் மனைவி.

லென்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவரை மூலையில் திரைக்குப் பின்னால் நிறுத்தியாயிற்று.

"பேசக்கூடாது சார், ஆடிடும். கண்ணை எடுக்கவே கூடாது. பட்டனைத் தொடாதீங்க, ரிமோட் என்கிட்ட இருக்கு."

பிறகு அக்கா சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

வாண்டு முறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. 'சிரி' என்று சொல்ல ஆளில்லை. மெல்லக் கிட்டே வந்து பக்கெட்டைத் தட்டியது.

"யாரு வீட்ல?" என்றது பக்கெட்.

அவ்வளவுதான். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து பக்கெட் அம்மா தலைக்குப் போனது. அப்புறம் வாண்டு தலைக்கே. அக்கா கையிலிருந்த குட்டிக் கேமரா அதுபாட்டுக்கு டிக், டிக் என்றது. திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை.

கம்ப்யூட்டரில் படங்கள் வந்தன. எதைப் பார்த்தாலும் சிரிப்பு. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "லென்ஸ்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் ஷூ மாட்டத் தொடங்கினார்.

"அக்கா, நிஜமா எதுல எடுத்தீங்க?" என்று கிசுகிசுத்தாள் மனைவி.

அக்கா பெரிய கேமராவின் அடிமூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே காலி.

"பேட்டரியே கிடையாதும்மா. வர்ற அப்பாக்களுக்குன்னே வெச்சிருக்கேன். குழந்தைக்கு ஒரு பொம்மை கொடுத்தா சமத்தா இருக்கும். இவங்களுக்கு இது!"

தெருவில் இறங்கியும் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா தோளில் வாண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, அந்தப் பெரிய லென்ஸ் நாமளும் ஒண்ணு வாங்கிடலாமா?"

"வாங்கலாம். பேட்டரி யாரு போடுவா?"

அவள் நின்றுவிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணை வெச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. கண்ணாடி வழியா பொண்ணு தெரியறா, ஆனா உள்ள ஒரு லைட்டும் எரியலையே."

"அப்போ ஏன் வாயைத் திறக்கல?"

வாண்டின் தலையை மெல்லத் தோளில் சரித்துக்கொண்டார்.

"திறந்திருந்தா அவ சிரிப்பு நின்னிருக்கும். நான் கத்தாம இருந்தா என் பொண்ணு எப்படிச் சிரிப்பான்னு இன்னைக்குத்தான்டி பார்த்தேன். அந்த அக்கா சொன்னதுக்காக இல்ல, எனக்கே கண்ணை எடுக்க மனசு வரல."