ஒரு மிதவை போதும்

"மறுபடியும் தனிப் போட்டி வேணும். தூரம் கம்மியா, கரை கண்ணுக்குத் தெரியுற மாதிரி."

பாய்மரப் படகு சங்கத்தின் செயலாளர் தீர்மானத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் அணித் தலைவியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு சாக்கு. அவள் அவர் தாலி கட்டிய மனைவி.

அவளுக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. மகளிர் போட்டி என்ற பெயரில் இருபது வருஷம் நடந்த கூத்தை ஒழிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? ஆண்கள் பெரிய போட்டியை முடித்து, காற்றும் ஓய்ந்த பிறகு, ஒரே ஒரு மிதவையைச் சுற்றிவிட்டு வரவேண்டும். ஜெயித்தவளுக்கு ஒரு சோப்பு டப்பா. தோற்றவளுக்கும் அதே சோப்பு டப்பா. மூன்று வருஷமாகத்தான் எல்லாருக்கும் ஒரே போட்டி, ஒரே கோப்பை.

"காலையில நான் போட்ட காபியைக் குடிக்கிறப்ப இதைச் சொல்ல வாய் வரலையா?"

"இது சங்க விஷயம்மா. வீட்டுல எதுக்கு?"

"தீர்மானத்துல இருக்குற பதினெட்டுக் கையெழுத்துல ஒரு பொம்பளை கையெழுத்து இல்லை. எங்களைக் கேக்கணும்னு தோணலை?"

"இதுல உங்களைக் கேக்க என்ன இருக்கு?"

ஆண்கள் வரிசை மொத்தமாகத் தலையாட்டியது. வெளிநடப்பு செய்யலாம், செய்தால் மூன்று வருஷப் போராட்டமும் தண்ணீரில் போகும். கிடைத்தவரைக்கும் லாபம் என்று பேரத்தில் இறங்கினாள்.

"சரி, தனியாவே வைங்க. தூரத்துல கை வைக்காதீங்க. நாலு மிதவை."

"நாலா? மூச்சு வாங்கும். ஒண்ணு போதும்."

"மூணு."

"ஒண்ணு."

"ரெண்டாச்சும் வைங்க, மானம் போகுது."

"மானத்தைக் காப்பாத்தத்தான் ஒண்ணு."

"பரிசு? அதே சோப்பு டப்பாவா?"

"எதுவா இருந்தா என்ன. ஆளுக்கு ஒண்ணு கிடைக்கணும்."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "எங்களைத் திரும்ப அந்தக் குட்டையில தள்ள, என் உசிரு இருக்குறவரைக்கும் விட மாட்டேன்."

செயலாளர் திருதிருவென்று விழித்தார். பதினெட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"உங்களை யாரு தள்ளுறா? மூணு வருஷமா உங்க படகு முதுகைப் பார்த்துக்கிட்டேதான் கரைக்கு வரோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் சின்னப் போட்டி ஆம்பளைங்களுக்கு."