நம்ம ஆளு

ஓர் உடம்பில் காய்ச்சல் இறங்கியது. கிருமியோடு சண்டை முடிந்ததும் சண்டை போட்ட வெள்ளணுக்கள் செத்துவிட வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். எல்லாம் மறுபேச்சில்லாமல் செத்தன. ஒன்று மட்டும் சிறுநீரகத்துக்குள் வந்து ஒதுங்கியது.

"நான் போயிட்டா, அவன் திரும்பி வந்தா யாரு பாக்குறது?" என்றது.

அங்கே இரத்தத்தை வடிகட்டிக்கொண்டிருந்த சல்லடைக்கு மனசு கேட்கவில்லை. "இங்கேயே இருங்கண்ணே" என்று தன் பங்கிலிருந்து தினமும் ஊட்டி, வெள்ளணுவை உயிரோடு வைத்தது.

வெள்ளணுவுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. வருகிறவர்களையெல்லாம் "யாரு நீ?" என்று அதட்டியது. எதிரி வரவே இல்லை. அதுதான் வெள்ளணுவை உறுத்தியது. வெளியே இல்லையென்றால் உள்ளேதானே இருப்பான்?

ஒருநாள் சல்லடையின் பக்கம் திரும்பியது.

"யாரு நீ?"

சல்லடைக்குச் சிரிப்பு வந்தது. "என்னண்ணே இது? நான் நம்ம ஆளு."

"காய்ச்சலோட வந்தவனும் இதையேதான் சொன்னான்" என்று ஓங்கிக் குத்தியது வெள்ளணு.

சல்லடை கிழிந்தது. கழிவு வடியாமல் இரத்தத்திலேயே தங்கியது. முதலில் முகம் வீங்கியது, பிறகு கால்கள். நாளாக ஆக, உடம்பே தள்ளாடியது.

வெள்ளணு பதறிக்கொண்டு சல்லடையிடம் ஓடி வந்தது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், வந்துட்டான்! சீக்கிரம் சோறு போடு. எனக்குத் தெம்பு வேணும்."

சல்லடை ஒரு கையால் கிழிசலைப் பொத்திக்கொண்டு, மறு கையால் ஊட்டியது.